மாவு மில்லைக் கேட்டுப் போட்ட கையெழுத்து

என் மேசைக்கு முன்னால் நின்றவர் மடித்த காகிதத்தை இரண்டு கையாலும் நீட்டினார். நாற்பது வயதிருக்கும். தோளில் துண்டு, காலில் செருப்பில்லை. செருப்பை அலுவலக வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்திருந்தார். கரண்ட் ஆபீசுக்கு அப்படியொரு மரியாதை கொடுத்த மனிதரை என் பணிக்காலத்தில் அதற்கப்புறம் நான் பார்த்ததில்லை.

"அம்மணி, இதைக் கொஞ்சம் பாத்துக் குடுங்க."

பார்த்தேன். தன் தோட்டத்து மின் இணைப்பைத் துண்டித்துவிடும்படி எழுதியிருந்தார். கீழே சென்னியப்பன் என்று கையெழுத்து.

இரண்டாம் முறையும் படித்தேன். தோட்டத்துக்கு இலவச மின் இணைப்பு என்பது எங்கள் பக்கத்தில் சாதாரண விஷயமில்லை. அப்பன் மனுப் போட்டால் மகன் காலத்தில் கம்பம் நடுவார்கள். இணைப்பு வந்த அன்றைக்குக் கிடா வெட்டி விருந்து வைத்த குடும்பங்களை எனக்குத் தெரியும். அதை வேண்டாம் என்று யாராவது எழுதிக் கொடுப்பார்களா?

"ஏனுங்க, நெசமாவே கரண்ட் வேண்டாமுங்களா?"

"போருல தண்ணி போயிருச்சுங்க அம்மணி. தண்ணியில்லாத தோட்டத்துக்குக் கரண்ட் எதுக்குங்க? வரிசையில நிக்கறவங்க யாருக்காச்சும் ஆகட்டும். நானும் சம்சாரமும் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போறமுங்க."

ஐந்து வருடத் தென்னை. அடுத்த வருடம் பாளை விடும். அதை விட்டுவிட்டுப் போகிறேன் என்பதை யாரோ பக்கத்து ஊர்க்காரர் கதை போலச் சொன்னார். கடைசியில், "உங்களுக்குத் தொந்தரவு குடுத்துட்டேனுங்க" என்றார்.

தொந்தரவு யார் யாருக்குக் கொடுத்தது என்பது மறுநாள்தான் எனக்குத் தெரிந்தது.

அலமாரிக்குள் ஒரு கருவி

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடை. கிணத்துக்கடவுக்குத் தெற்கே, பெயர் சொல்லாமல் விட்டால் யாருக்கும் நஷ்டமில்லாத ஓர் ஊரின் பிரிவு அலுவலகத்தில் நான் புதிதாகச் சேர்ந்த இளநிலைப் பொறியாளர். அங்கே இருந்த ஒரே பெண்ணும் நான்தான். என்னைப் பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர், "எஞ்சினியர் எப்ப வருவாருங்க?" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். நானும் சில நாள், "இப்ப வந்துருவாருங்க" என்று சொல்லியிருக்கிறேன்.

இந்தக் கதைக்கு ஒரேயொரு பாடம் வேண்டும். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மின்சாரம் மூன்று கம்பிகளில் முறை வைத்து வரும். ஒவ்வொன்றும் ஒரு ஃபேஸ்; சிவப்பு, மஞ்சள், நீலம் என்று அவற்றுக்குப் பெயர். அந்த வரிசையில் வந்தால் மோட்டார் ஒரு பக்கம் சுற்றும். ஏதாவது இரண்டு கம்பி இடம் மாறிவிட்டால் எதிர்ப்பக்கம் சுற்றும். அவ்வளவுதான். இதைச் சொல்லித்தர பீளமேட்டுக் கல்லூரியில் எனக்கு நான்கு வருடம் எடுத்துக்கொண்டார்கள்.

சிவப்பு, மஞ்சள், நீலம் எல்லாம் புத்தகத்தில்தான். கம்பத்தில் ஓடுகிற மூன்றும் வெறும் அலுமினியக் கம்பி. அண்ணாந்து பார்த்தால் மூன்றும் ஒரே நிறம். எங்கள் லைன்மேன் ரங்கசாமி அண்ணன் அவற்றுக்கு வைத்திருந்த பெயர்கள் ரோட்டுப்பக்கக் கம்பி, நடுக்கம்பி, காட்டுப்பக்கக் கம்பி. லைன் ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போனால் ரோட்டுப்பக்கக் கம்பி காட்டுப்பக்கக் கம்பியாகிவிடும். அதற்காக அவர் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டதில்லை.

அவர் சட்டைப்பையில் ஒரு டெஸ்டர் உண்டு. கம்பியில் மின்சாரம் இருக்கிறதா என்று அது சொல்லும். தோள்பைக்குள் இரண்டு பல்புகளைச் சேர்த்துக் கட்டிய ஒரு சோதனை விளக்கு உண்டு. இரண்டு கம்பிகளும் வேறு வேறு ஃபேஸா என்று அது சொல்லும். எது முதலில், எது அடுத்து என்பதை இரண்டும் சொல்லாது.

அதைச் சொல்வதற்கென்றே ஒரு கருவி இருந்தது. ஃபேஸ் வரிசை பார்க்கிற மீட்டர். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி, மூன்று நிறத்தில் மூன்று வயர், நடுவில் கண்ணாடிக்குள் ஒரு சின்னத் தகடு, மேலே ஓர் அம்புக்குறி. தகடு அம்பு காட்டுகிற பக்கம் சுற்றினால் வரிசை சரி, எதிரே சுற்றினால் தப்பு. எழுதப் படிக்கத் தெரியாதவர்கூடப் பார்த்துச் சொல்லிவிடலாம். அதனாலோ என்னவோ, அதை யாருமே பார்க்க முடியாதபடி இரும்பு அலமாரியில் பூட்டி வைத்திருந்தார்கள்.

சாவி போர்மேன் மாசிலாமணியின் அரைஞாணில் தொங்கும். சேர்ந்த புதிதில் ஒருநாள் அந்த மீட்டரைக் கேட்டேன்.

"எடுக்கலாமுங்க மேடம். ஆனா வெளிய எடுத்தா ரிப்பேர் ஆயிருமுங்க."

மறுத்துப் பேச முடியாத வாதம். வெளியே எடுக்காத கருவி எதுவும் ரிப்பேர் ஆனதாக நான் கேள்விப்பட்டதில்லை. வருடத்துக்கு ஒருமுறை மேலிடத்திலிருந்து ஆய்வுக்கு வருவார்கள். அன்றைக்கு மீட்டர் துடைத்து மேசைமேல் வைக்கப்படும். "இருக்கிறது" என்று எழுதிக்கொண்டு போவார்கள். ஆயுத பூஜைக்கு இன்னொரு முறை வெளியே வந்து சந்தனமும் குங்குமமும் வாங்கிக்கொண்டு உள்ளே போகும்.

நானும் வற்புறுத்தவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கும் அதை மாட்டிப் பழக்கமில்லை. கல்லூரி ஆய்வகத்தில் முப்பது பேருக்கு ஒரே மீட்டர். பையன்கள் கிளிப் மாட்டுவார்கள், நாங்கள் நான்கு பெண்கள் அளவுகளை நோட்டில் எழுதுவோம். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று பேராசிரியர் பாராட்டியிருக்கிறார். பொறியியலில் நான் பெற்ற ஒரே பாராட்டு அது.

சுபைதாக்காவின் மில்

மீட்டர் பூட்டிக் கிடந்தால் ஃபேஸ் வரிசையை எப்படித்தான் பார்த்தார்கள்? மாவு மில்லைக் கேட்டார்கள்.

கோவை கோட்டைமேட்டில் பிறந்து இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர் சுபைதாக்கா. டிரான்ஸ்பார்மருக்கு எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம் அவருடைய மில். மிளகாய், மல்லி, ராகி எல்லாம் அங்கேதான் அரையும். லைனில் வேலை முடிந்ததும் ரங்கசாமி அண்ணன் கம்பத்தடியில் நின்று ஒரு குரல் கொடுப்பார். அக்கா மில்லை ஓட்டுவார். மில் நேராக ஓடினால் வரிசை சரி. தலைகீழாக ஓடினால் அண்ணன் மறுபடி ஏறி இரண்டு கம்பிகளை மாற்றிக் கட்டுவார்.

கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் கணக்கில் தப்பில்லை. மோட்டாரும் ஒரு வகையில் ஃபேஸ் மீட்டர்தான். கொஞ்சம் பெரியது, மிளகாய்த் தூள் நெடி அடிக்கும், அவ்வளவுதான்.

நான் சேர்ந்த மூன்றாவது மாதம், தை முடிகிற நேரத்தில், அந்த டிரான்ஸ்பார்மர் எரிந்துபோனது. புதிதாக ஒன்றை ஏற்றினோம். எல்லாம் கட்டி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. ரங்கசாமி அண்ணன் வழக்கம்போலக் குரல் கொடுத்தார்.

"ஏனுங்க சுபைதாக்கா, ஓடுதுங்களா?"

உள்ளே ஓர் உறுமல், ஒரு நிறுத்தம், மறுபடி உறுமல். பிறகு அக்காவின் தலை கதவுக்கு வெளியே தெரிந்தது.

"ஓடுதுங்க!"

என் கையில் ஒரு படிவம் இருந்தது. "ஃபேஸ் வரிசை சரிபார்க்கப்பட்டது" என்ற வரிக்கு நேரே முத்து முத்தாகக் கையெழுத்துப் போட்டேன். அந்த டிரான்ஸ்பார்மரிலிருந்துதான் சென்னியப்பன் தோட்டத்துக்கும் கம்பி போனது.

நூல் கட்டிய மெக்கானிக்

இணைப்பைத் துண்டிக்குமுன் இடத்தைப் பார்க்க வேண்டும் என்பது விதி. மனு வந்த மறுநாள் காலை ரங்கசாமி அண்ணனோடு தோட்டத்துக்குப் போனேன்.

சென்னியப்பன் மோட்டாரைப் போட்டுக் காட்டினார். குழாயிலிருந்து விரல் தடிமனுக்குத் தண்ணீர் வந்தது, அதுவும் விட்டு விட்டு. தென்னை மட்டைகள் இடுப்பொடிந்து தொங்கின. வீட்டு வாசலில் ஒரு டிரங்குப் பெட்டி கயிறு கட்டித் தயாராக இருந்தது. அவர் மனைவி மயிலாத்தாள் எங்களுக்கு மோர் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

"எப்ப இருந்துங்க இப்பிடி?"

"மாசிக்கு முன்னால இருந்தேங்க. திடீர்னு கொறஞ்சு போச்சுங்க. மோட்டாருல கோளாறுன்னு நெனச்சு மெக்கானிக்கைக் கூப்புட்டு மேல எடுத்துப் பாத்தமுங்க. நல்லாத்தான் இருக்குதுன்னு மறுபடி எறக்கிப் போட்டாருங்க."

மெக்கானிக் மகா கவனசாலி. வயர்களைக் கழற்றுமுன் ஒவ்வொன்றிலும் வேறு வேறு நிற நூல் கட்டி, மறுபடி மாட்டும்போது இம்மி பிசகாமல் முன்பு இருந்த இடத்திலேயே மாட்டியிருக்கிறார். அந்த மனிதர் ஒரே ஒரு வயரை மறந்து மாற்றி மாட்டியிருந்தால் இந்தக் கதையே எழுத வேண்டியிருக்காது.

அடுத்து, உள்ளங்கையில் தேங்காயை வைத்து நீரோட்டம் பார்க்கிறவர் வந்தார். தோட்டத்தைச் சுற்றி நடந்துவிட்டு, நீரோட்டம் திரும்பிவிட்டது என்றார். ஏதோ ஒன்று திரும்பிவிட்டது என்று அந்த ஊரில் சரியாகச் சொன்ன ஒரே ஆள் அவர்தான். அவர் காட்டிய இடத்தில் இரண்டாவது போர் போட்டார்கள். புழுதிதான் வந்தது.

பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் மோட்டார் ஓடி வாய்க்கால் நிறையத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

"அவருக்கு மட்டும் எப்பிடிங்க?" என்றேன்.

"அவியளுக்கு யோகமுங்க" என்றார் சென்னியப்பன்.

"ஓடுதான்னுதானுங்களே கேட்டீங்க?"

திரும்பும் வழியில் ரங்கசாமி அண்ணனுக்கு வீட்டு மிளகாய்த் தூள் வாங்க வேண்டியிருந்தது. மில்லுக்குள் நானும் போனேன். சுவரில் கறுப்புக் குமிழ் வைத்த ஒரு கைப்பிடி கண்ணில் பட்டது. லேத் பட்டறைகளில் மெஷினை முன்னும் பின்னும் ஓட்ட வைத்திருப்பார்களே, அந்தச் சுவிட்ச். ராகி அரைக்க அது எதற்கு?

"இது எதுக்குங்கக்கா?"

சுபைதாக்காவுக்கு ஒரே பெருமை. "எம்பட தம்பி கோயமுத்தூருல, கணபதியில லேத் பட்டறையில இருக்கறானுங்க. அவன் போட்டுக் குடுத்ததுங்க. உங்காளுங்க கம்பத்துல ஏறி எறங்குனா சில சமயம் மில்லு தலகீழா ஓடுமுங்க. இப்ப ஒண்ணும் கவலையில்லீங்க. இந்தப் பக்கம் தள்ளுனா நேராயிரும்."

"டிரான்ஸ்பார்மர் மாத்துன அன்னிக்குங்கக்கா?"

"அன்னிக்கும் தலகீழாத்தானுங்க ஓடுச்சு. தள்ளி உட்டேன், நேரா ஓடுச்சு."

"ஏங்கக்கா எங்ககிட்டச் சொல்லலே?"

"ஓடுதான்னுதானுங்களே கேட்டீங்க? ஓடுச்சுங்க. பாவம், நீங்க அத்தன வெயில்ல நின்னுட்டு இருந்தீங்க. மறுபடியும் ஏறுங்கன்னு எப்பிடி அம்மணி சொல்றது?"

வண்டியைத் திருப்பிக்கொண்டு நேராகப் பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் போனேன். ஆமாம், டிரான்ஸ்பார்மர் மாற்றிய அன்று அவர் மோட்டாரும் எதிர்ப்பக்கம்தான் சுற்றியிருக்கிறது. மோட்டார் கிணற்று மேட்டிலேயே இருந்ததால் கண்ணால் பார்த்துவிட்டார், இரண்டு வயர்களைத் தானே மாற்றிக்கொண்டார்.

"இதுக்குப் போயி ஆபீசுக்கு வந்து உங்களைத் தொந்தரவு பண்றதுங்களா?"

ஊர் முழுக்க மரியாதை. ஒருவர் கைப்பிடியைத் தள்ளிக்கொண்டார், ஒருவர் வயரை மாற்றிக்கொண்டார். யாரும் எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சென்னியப்பனின் மோட்டார் மட்டும் இருநூறு அடிக்குக் கீழே போர்க்குழிக்குள் இருந்தது. அது எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று யார் எட்டிப் பார்ப்பது? தலைகீழாகச் சுற்றினாலும் அந்த வகை மோட்டார் கொஞ்சம் தண்ணீரை மேலே தள்ளும். அந்தக் கொஞ்சம் வந்ததால்தான் எல்லோரும் பூமியைச் சந்தேகப்பட்டார்கள்.

பொட்டு வைத்த அம்பு

அலுவலகத்தில் மாசிலாமணியிடம் அலமாரியைத் திறக்கச் சொன்னேன். விஷயத்தைக் கேட்டதும் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"மேடம், ஸ்டார்ட்டருல ரெண்டு வயரை மாத்திக் குடுத்துட்டு வந்துருங்க. தோட்டத்து வயரிங்குல லூஸ்னு சொல்லிப்போடலாம். நீங்க இன்னும் பர்மனென்ட்கூட ஆகலீங்க. படிவத்துல கையெழுத்து உங்களுது."

அவர் கெட்டவரில்லை. என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த யோசனை எனக்குப் பிடித்திருந்தது. அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம் தோட்டங்களுக்கு மூன்று ஃபேஸும் வந்தது காலை நேரத்தில்தான். மறுநாள் காலை மூன்று பேரும் போனோம். மீட்டரை வேறு யார் கையிலும் கொடுக்க மாசிலாமணிக்கு மனம் வரவில்லை. ரங்கசாமி அண்ணனின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து, மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு வந்தார்.

சென்னியப்பன் வீட்டு ஸ்டார்ட்டரில் மூன்று கிளிப்பையும் நானே மாட்டினேன். கண்ணாடியில் பல வருட ஆயுத பூஜைச் சந்தனம் காய்ந்து அம்புக்குறியை மூடியிருந்தது. நகத்தால் சுரண்டிவிட்டுப் பார்த்தேன். தகடு அம்புக்கு எதிரே சுற்றிக்கொண்டிருந்தது.

முறைப்படி தப்பைத் திருத்த வேண்டிய இடம் டிரான்ஸ்பார்மர். ஆனால் அங்கே மாற்றினால், தாங்களாகவே திருத்திக்கொண்ட அத்தனை பேருக்கும் மோட்டார் தலைகீழாகிவிடும். எல்லோரும் சேர்ந்து பழகிக்கொண்ட தப்பை எந்த அலுவலகமும் தொடாது. அந்த டிரான்ஸ்பார்மர் எனக்குத் தெரிந்தவரை இன்றும் அப்படியேதான் இருக்கிறது.

ஆகவே ரங்கசாமி அண்ணன் இங்கேயே மெயினை அணைத்து இரண்டு வயர்களை மாற்றினார். ஐந்து நிமிட வேலை. சென்னியப்பன் பொத்தானை அமுக்கினார். குழாய் முதலில் இருமியது. பிறகு தண்ணீர் கையளவுக்குத் திரண்டு தொட்டிச் சுவரில் மோதி எங்கள் எல்லோர் மேலும் தெறித்தது.

அவர் தண்ணீருக்குள் கையை நீட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். துண்டை நனைத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைத்தது தண்ணீரையா, வேறெதையாவதா என்று நான் பார்க்கவில்லை. பிறகு என் பக்கம் திரும்பிக் கும்பிட்டார்.

"உங்க கை ராசிங்க அம்மணி. போன தண்ணியைத் திருப்பிக் கொண்டாந்துட்டீங்க."

கிழக்கு வேலி

மாசிலாமணி என்னைப் பார்த்தார். சும்மா இருங்க என்று கண்ணாலேயே சொன்னார். சும்மா இருந்திருந்தால் அந்த ஊரில் எனக்குச் சிலை வைக்காவிட்டாலும் பொங்கலுக்கு வாழைத்தாராவது வந்திருக்கும்.

கும்பிட்ட கையை என்னால் பார்க்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். டிரான்ஸ்பார்மர் மாற்றிய அன்று கம்பி மாறிப்போனதை, கருவி பூட்டிக் கிடந்ததை, மாவு மில்லைக் கேட்டு நான் கையெழுத்துப் போட்டதை, எல்லாம். உங்கள் மோட்டாரில் கோளாறில்லை, போரில் கோளாறில்லை, கோளாறு நாங்கள்தான் என்றேன்.

சென்னியப்பன் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "அட, உடுங்க அம்மணி. தெரிஞ்சா செஞ்சீங்க? கரண்டுன்னா அப்பிடி இப்பிடித்தானுங்க. எளனி வெட்டச் சொல்றேன், இருங்க." பக்கத்துத் தோட்டத்தை நோக்கி நடந்தேவிட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. அந்த மனிதர் நாலு வார்த்தை கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் பாரம் இறங்கியிருக்கும். அந்தச் சுகத்தையும் கொடுக்காமல் இளநீர் வாங்கப் போய்விட்டார்.

மயிலாத்தாள் எப்போது வந்தார் என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். ஒரு மண்வெட்டியை எடுத்து வாய்க்காலில் மடை மாற்றினார். தண்ணீர் மட்டை தொங்கிய மரங்களுக்குப் போகாமல் கிழக்கு வேலிப் பக்கம் திரும்பியது. நானும் பின்னால் போனேன். அங்கே ஒரு வரிசைத் தென்னை, குருத்து வரைக்கும் காய்ந்து நின்றது. கையால் தொட்டால் குருத்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும் போலிருந்தது.

"இது பட்டுப்போச்சுங்களே" என்றேன்.

"ஆமாங்க." அவர் என்னைப் பார்க்காமல் பேசினார். "வார தண்ணி எல்லாத்துக்கும் பத்தாதுன்னு ஆச்சுங்க. ஒரு வரிசையை உட்டாத்தான் மத்தது பொழைக்கும்னாரு. எந்த வரிசைன்னு அவரால சொல்ல முடியலீங்க. நாந்தான் சொன்னேன், இதை உட்டுருங்கன்னு. அப்பறம் நான் இந்தப் பக்கமே வரலீங்க."

தண்ணீர் முதல் மரத்தின் அடியைச் சுற்றிக்கொண்டு நின்றது. வெடித்துக் கிடந்த மண் அதைச் சத்தத்தோடு குடித்தது.

"அம்மணி, ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளுங்க."

"அப்ப நான் அதைச் சொன்ன அன்னிக்கு, கீழ தண்ணி இருந்துச்சுங்களா?"

நான்கு வருடம் படித்ததில் இந்தக் கேள்விக்கு வேறு பதில் ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன்.

"இருந்துச்சுங்க" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். அடுத்த மரத்துக்கு வாய்க்காலை வெட்டிவிடக் குனிந்தார்.